தராசும் முஷ்டியும்

திருவண்ணாமலை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மணிலாக்கொட்டை மூட்டை தராசில் ஏறுகிறபொழுது, அதை விளைவித்த குடியானவனுடைய பார்வை வியாபாரியின் முகத்தில் படுவதில்லை, தராசிலேயே நிலைத்திருக்கும். நூறு கிராம் என்பது பட்டணத்து மனிதருக்கு அற்பமாகத் தோன்றலாம். செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் வண்டியேற்றிக் கொண்டுவந்தவனுக்கு அது அற்பமன்று. மழையும் அவன் வசத்தில் இல்லை. விலையும் அவன் வசத்தில் இல்லை. எடையாவது ஒழுங்காக இருக்கட்டும் என்பதுதான் அவன் கேட்கிற குறைந்தபட்ச நியாயம். எடையில் நியாயம் கேட்கத் தெரிந்த ஜனங்களுக்கு, எடையையே அஸ்திவாரமாகக் கொண்ட ஒரு விளையாட்டைப் பற்றி நீண்ட முகவுரை அவசியமில்லை. பெண்களின் சர்வதேசக் குத்துச்சண்டையைப் பற்றியும், அதில் 46 கிலோ என்ற ஒரு வகுப்பு அடைந்த கதியைப் பற்றியும் இன்று எழுத விரும்புகிறோம்.

2006ஆம் வருஷம் நவம்பர் மாதம், புது டில்லி தால்கடோரா உள்ளரங்கில், பெண்களுக்கான நான்காவது உலக அமெச்சூர் குத்துச்சண்டைப் பந்தயம் நடைபெற்றது. மொத்தம் 13 எடை வகுப்புகள். அவற்றுள் நான்கில் இந்தியப் பெண்களே தங்கப் பதக்கம் பெற்றார்கள். 46 கிலோவில் மணிப்பூரைச் சேர்ந்த ஸ்ரீமதி மேரி கோம். 52 கிலோவில் அதே மணிப்பூரின் சரிதா தேவி. 63 கிலோவில் மிஜோரத்தின் ஜென்னி லால்ரெம்லியானி. 75 கிலோவில் நமது அண்டை நாடாகிய கேரளத்தின் கே. சி. லேகா. நமது பக்கத்தில் நெல் மூட்டை ஒன்று 75 கிலோ என்பது வழக்கு. லேகாவின் வகுப்புக்கு மேல்வரம்பும் அதுவே. மேரி கோமின் வகுப்போ அந்த மூட்டையில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்றே அதிகம். இவ்விருவரையும் ஒரே கோதாவில் எதிரெதிராக நிறுத்தியிருந்தால் அது சண்டையாக இராது. ஒருவர் அடிக்க மற்றொருவர் வாங்குவதாகவே முடிந்திருக்கும். ஒரே அரங்கில், ஒரே வாரத்தில், இருவரும் உலகத்தில் முதல்வர்களாக வர முடிந்ததற்குக் காரணம், இருவருக்கும் நடுவே தராசு நின்றதுதான்.

குத்துச்சண்டையில் எடை வகுப்பு ஏன் ஏற்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேண்டியதில்லை. கையினால் விடப்படும் குத்து கையில் பிறப்பதில்லை. காலில் ஊன்றி, இடுப்பில் திரும்பி, தோள் வழியாக முஷ்டிக்கு வந்து சேருவது சரீரம் முழுவதின் பாரம். பாரம் அதிகமானால் அடியின் வலுவும் அதிகம். பெரும்பாலும் கையின் நீளமும் அதிகம். எவ்வளவு அப்பியாசம் செய்தாலும் இவ்விரண்டையும் முழுவதும் ஈடுசெய்ய முடியாது. ஆகையால், திறமையைத் திறமையோடு ஒப்பிட வேண்டுமானால் பாரத்தை முதலில் சமப்படுத்த வேண்டும். இதற்காகவே சண்டைக்காரர்களைச் சண்டை நாள்தோறும் காலையில் தராசில் ஏற்றுகிறார்கள். முதல் நாள் சரியாக இருந்தது என்பது மறுநாளைக்குச் செல்லாது. வரம்புக்கு மேல் போனால், எவ்வளவு பெரிய வீராங்கனையானாலும் அன்று அவருக்குக் கோதா இல்லை.

டில்லியில் 46 கிலோ வகுப்பின் இறுதிப் போட்டியில் மேரி கோமுக்கு எதிரே நின்றவர் ருமேனியாவின் ஸ்டெலுட்டா டூட்டா. அக்காலத்தில் புள்ளிகளை இயந்திரத்தின் மூலம் கணக்கிட்டு வந்தார்கள். கோதாவைச் சுற்றி ஐந்து மத்தியஸ்தர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு குத்து சுத்தமாக விழுந்தது என்று அவர்களுள் மூன்று பேராவது ஒரு வினாடிக்குள் விசையை அழுத்தினால்தான் அது கணக்கில் ஏறும். இந்த முறையில் குறைகள் பல உண்டு. பிற்காலத்தில் அது கைவிடப்பட்டது. ஆனால், எடை குறைந்த வகுப்புகளுக்கு அது ஒருவகையில் பொருத்தமாகவே இருந்தது; ஏனெனில், அங்கே ஒரே அடியில் ஆளை வீழ்த்துவது அபூர்வம். கால் வேகம், கண் வேகம், உள்ளே புகுந்து இரண்டு மூன்று குத்துகள் விட்டுவிட்டு எதிரியின் கை வருமுன் விலகுவது, இவைதான் ஜயத்தைத் தரும். மேரி கோம் 22 புள்ளிகள் பெற்றார், டூட்டா 7. உலகப் பட்டம் அவருக்கு அது மூன்றாவது முறை.

இந்த வகுப்பில் எப்படிப்பட்டவர்கள் வந்து சேருகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. மேரி கோம் மணிப்பூரில் காங்காதெய் என்ற கிராமத்தில் வளர்ந்தவர். பெற்றோர் பிறருடைய நிலத்தில் உழைத்துப் பிழைத்தவர்கள். மூத்த பெண்ணாகிய அவரும் வயல் வேலை செய்தார். 1998ஆம் வருஷம் பாங்காக் ஆசிய விளையாட்டில் அதே மணிப்பூரின் டிங்கோ சிங் குத்துச்சண்டையில் தங்கம் வென்று திரும்பியபொழுது, அந்த மலைப் பிரதேசத்துச் சிறுவர்களோடு சிறுமிகளுக்கும் ஒரு புதிய வழி கண்ணில் பட்டது. அப்படிப் புறப்பட்டவர்களில் ஒருவர் இவர். குட்டையான உடல்வாகு, சதை குறைந்த சரீரம், சிறு வயது முதல் வேலை செய்து இறுகிய கைகால். இந்தியாவின் கிராமத்துப் பெண்களில் பெரும் பகுதியினருக்கு இந்த வர்ணனை பொருந்தும். ஜவ்வாது மலையிலிருந்து விறகும் தேனும் சுமந்து இறங்குகிற பெண்ணைப் பார்த்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை. பெரிய பாரம் உள்ள வகுப்புகளில் வளமாக உண்டு வளர்ந்த தேசங்களின் பெண்களுக்குப் பிறவியிலேயே ஒரு சலுகை கிடைக்கிறது. 46 கிலோவில் அந்தச் சலுகை இல்லை. ஆகவே, அந்த வகுப்பு வெறும் எண்ணன்று. ஏழை தேசத்துப் பெண் சம பலத்தோடு உள்ளே நுழைவதற்கு இருந்த வாசற்படி.

பெண்ணுக்கு முஷ்டி யுத்தம் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களோடு நெடுநேரம் வாதாட நமக்கு விருப்பமில்லை. திருவண்ணாமலையில் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் அருணாசலேசுவரர் ஆலயத்தின் வடக்கு வாசல் வழியாக ஒரு முறை நடந்து சென்றால் போதும். 171 அடி உயரமுள்ள அந்தக் கோபுரத்துக்கு அம்மணி அம்மன் கோபுரம் என்று பெயர். வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டி அதை முடித்தவள் ஒரு ஸ்திரீ என்பதை இந்த ஊரில் சிறு குழந்தையும் சொல்லும். அன்றியும், செங்கல் சுமப்பது, நாற்று நடுவது, தண்ணீர்க் குடம் எடுப்பது ஆகியவற்றில் பெண்ணின் சரீர பலத்தைக் குறித்து யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அதே பலத்துக்குப் பதக்கம் கிடைக்கும் என்றவுடன் மட்டும் சந்தேகம் வந்துவிடுகிறது.

நிற்க. மேரி கோமின் வெற்றிகளை எடைக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். பெண்களுக்கான முதல் உலகப் பந்தயம் 2001ஆம் வருஷம் அமெரிக்காவில் ஸ்க்ராண்டன் நகரில் நடந்தது. அங்கே 48 கிலோ வகுப்பின் இறுதியில் துருக்கியின் ஹூல்யா ஷாஹினிடம் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றார். அடுத்த வருஷம் துருக்கியிலேயே, அன்டால்யாவில், 45 கிலோ வகுப்பில் தங்கம் பெற்றார். 2005இல் ரஷ்யாவின் பொடோல்ஸ்கில் 46 கிலோ. 2006இல் டில்லியில் 46 கிலோ. 2007இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்த பிறகு, 2008இல் சீனாவின் நிங்போவில் மறுபடியும் 46 கிலோ. அதன்பின் சர்வதேச சங்கத்தார் வகுப்புகளைத் திருத்தி 46ஐ எடுத்துவிட்டார்கள். 2010இல் பார்படோஸ் தீவில் 48 கிலோவில் இறங்கி ஐந்தாவது தங்கத்தையும் வென்றார். நிங்போவிலும் பார்படோஸிலும் இறுதியில் தோற்றவர் பழைய டூட்டாவே! டில்லி, நிங்போ, பார்படோஸ் என்று மூன்று இறுதிகளிலும் விடாமல் வந்து நின்ற அந்த ருமேனியப் பெண்ணையும் நாம் மரியாதையோடு நினைக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் இந்த வெற்றிகளின் அருமை தெரிந்திராது.

2009ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் பெர்லின் நகரில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிர்வாக சபை, 2012 லண்டன் விளையாட்டில் பெண்களின் குத்துச்சண்டையைச் சேர்த்துக்கொள்வது என்று தீர்மானித்தது. ஆண்கள் மட்டுமே குத்துச்சண்டையில் பதக்கம் பெற்றுவந்த வழக்கம் அன்றோடு முடிந்தது. தேசமெங்கும் சந்தோஷம். ஆனால், தீர்மானத்தின் உள்ளே புகுந்து பார்த்தவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. ஆண்களுக்கு 10 வகுப்புகள். பெண்களுக்கு மூன்றே மூன்று. 51 கிலோ, 60 கிலோ, 75 கிலோ. லண்டனுக்குச் சென்ற குத்துச்சண்டைக்காரர்களில் ஆண்கள் 250 பேர். பெண்கள் 36 பேர். வாசலைத் திறந்துவிட்டோம் என்று பறை சாற்றிவிட்டு, ஆள் நுழைய முடியாதபடி ஒரு விரற்கடை இடைவெளி விட்டால் எப்படியோ அப்படி இருந்தது இது. உலகப் பந்தயத்தில் 10 வகுப்புகளாகப் பிரிந்திருந்த பெண்கள் எல்லோரும் இந்த மூன்றுக்குள் எப்படியாவது அடங்க வேண்டும். 51க்கும் 60க்கும் இடையே 9 கிலோ. 60க்கும் 75க்கும் இடையே 15 கிலோ. எடை வகுப்பு எதற்காக ஏற்பட்டதோ அந்த நியாயமே இதில் காற்றில் பறந்துவிட்டது.

46 கிலோவில் உலகத்தை வென்ற பெண்ணுக்கு 51 என்பது எத்தனை தூரம்? ஐந்து கிலோ. தன் சரீர எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். இதைச் சோறு தின்று ஏற்றிவிட முடியாது. அப்படி ஏறுவது வெறும் சுமை. தசையாக ஏற வேண்டும், வேகமும் குறையக்கூடாது. அதே சமயம் எதிரிகளோ மேலிருந்து இறங்கி வருகிறார்கள். லண்டனில் நடந்தது இதற்குச் சரியான சாட்சி. மேரி கோமின் முதல் எதிரி போலந்தின் கரோலினா மிகல்சுக். அரை இறுதியில் எதிரி இங்கிலாந்தின் நிகோலா ஆடம்ஸ். இவர்கள் யார்? 2008இல் நிங்போவில் மேரி கோம் 46 கிலோ பட்டத்தை வென்ற அதே பந்தயத்தில், 54 கிலோ வகுப்பின் இறுதியில் ஒருவரோடொருவர் மோதியவர்கள்! அன்று மிகல்சுக் தங்கமும் ஆடம்ஸ் வெள்ளியும் பெற்றார்கள். ஒரே பந்தயத்தில் 8 கிலோ வித்தியாசத்தில், ஒருவரையொருவர் சந்திக்கவே வேண்டாதவர்களாக இருந்தவர்களை, நான்கு வருஷங்களுக்குப் பின் ஒலிம்பிக் கமிட்டி ஒரே வகுப்பில் கொண்டுவந்து நிறுத்தியது.

ஆயினும் மேரி கோம் மிகல்சுக்கை 19க்கு 14 என்ற கணக்கில் வென்றார். அடுத்து துனீஷியாவின் மரூவா ரஹாலியை வென்றார். ஆகஸ்டு 8ஆம் தேதி ஆடம்ஸிடம் 6க்கு 11 என்று தோற்றார். வெண்கலப் பதக்கம் கிடைத்தது. ஆடம்ஸ் மறுநாள் இறுதியிலும் வென்று, ஒலிம்பிக்கில் குத்துச்சண்டைத் தங்கம் வென்ற முதல் பெண் என்ற பெயரைப் பெற்றார். அவருடைய ஜயத்தைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. அன்று அவரே சிறந்த சண்டைக்காரர் என்பதில் சந்தேகமில்லை. விதியை அவர் எழுதவில்லை. நாம் சொல்வது இதுதான்: அந்த வெண்கலம், நிங்போ, டில்லி தங்கங்களுக்குச் சற்றும் தாழ்ந்ததன்று. இலேசான பாரமுள்ள ஒருவர் அந்த மேட்டில் ஏறி நின்றதே பெரிது. அக்காலத்தில் நமது பத்திரிகைகளில் பல, "தங்கம் தவறியது" என்று தலைப்பிட்ட மனப்பான்மையோடு எழுதின. தவறியது தங்கமன்று, தராசு.

பின்னர் நிகழ்ந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் பெண்களுக்கு அதே மூன்று வகுப்புகள். இந்தியாவிலிருந்து குத்துச்சண்டைக்கு ஒரு பெண்ணாவது தகுதி பெறவில்லை. 2018 நவம்பரில் உலகப் பந்தயம் மறுபடியும் டில்லிக்கு வந்தது. மேரி கோம் 48 கிலோவுக்குத் திரும்பி, இறுதியில் உக்ரைனின் ஹன்னா ஒகோட்டாவை ஐந்து மத்தியஸ்தர்களும் ஒருமுகமாகத் தீர்ப்பளிக்க வென்று, ஆறாவது தங்கம் பெற்றார். தமக்குரிய எடையில் நின்றால் என்ன நேரும் என்பதற்கு, மூன்று குழந்தைகளின் தாயாகிய அவர் 35 வயதில் காட்டிய அத்தாட்சி இது. டோக்கியோ விளையாட்டில் மறுபடியும் 51 கிலோ. கொலம்பியாவின் இங்க்ரிட் வலென்சியாவிடம் மூன்று மத்தியஸ்தர்களுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றார்.

இது ஒரு வீராங்கனையின் சோகக் கதை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 2023 மார்ச்சில் டில்லியில் நடந்த உலகப் பந்தயத்தில் இந்தியா மறுபடியும் நான்கு தங்கம் வென்றது. 48 கிலோவில் நீது கங்காஸ், 50இல் நிகத் ஜரீன், 75இல் லவ்லினா போர்கோஹைன், 81இல் சவீட்டி பூரா. அடுத்த வருஷத்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த நான்கு வகுப்புகளில் எத்தனை இருந்தன? இரண்டே. 48ம் இல்லை, 81ம் இல்லை. நீதுவுக்கும் சவீட்டிக்கும் உலகப் பட்டம் உண்டு, ஒலிம்பிக்கில் அதற்கு இடம் இல்லை. மற்ற இருவரும் தங்கள் எடையை மாற்றிக்கொண்டவர்கள். நிகத் 2022இல் இஸ்தான்புல்லில் 52 கிலோவில் உலகப் பட்டம் பெற்றவர். ஒலிம்பிக்குக்காக 50க்கு இறங்கினார். லவ்லினா டோக்கியோவில் 69 கிலோவில் வெண்கலம் பெற்றவர். பாரிஸில் 69 எடுக்கப்பட்டதால் 75க்கு ஏறினார். ஒருவர் இறங்கினார், ஒருவர் ஏறினார். பாரிஸில் இந்தியாவுக்குக் குத்துச்சண்டையில் ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. தோல்விக்கு எடை ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை; நிகத்தை வென்ற சீன வீராங்கனை வூ யூ அந்த வகுப்பின் தங்கத்தையே எடுத்துச் சென்றார். ஆனால், சட்டையைத் தைத்துவிட்டு அதற்கேற்றபடி ஆளை வெட்டச் சொல்லுகிற தையற்காரனை நாம் எங்கும் மெச்சுவதில்லை.

ஆளை வெட்டுவது என்றோமே, அது வெறும் அலங்கார வார்த்தையன்று. பந்தய உலகத்தில் எடை குறைப்பது ஒரு தனிச் சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. தண்ணீர் குடிக்காமல் இருப்பது, கம்பளி உடுத்து ஓடுவது, வெந்நீர் ஆவியில் உட்கார்ந்து வியர்ப்பது, எச்சிலைக்கூட விழுங்காமல் துப்புவது! 2018 செப்டம்பரில் போலந்தின் க்ளிவிட்சே நகருக்கு மேரி கோம் விடியற்காலை மூன்று மணிக்கு மேல் வந்து சேர்ந்தார். காலை ஏழரை மணிக்குத் தராசு. 48 கிலோவுக்கு மேல் ஏறக்குறைய 2 கிலோ இருந்தது. ஒரு மணி நேரம் விடாமல் கயிறு தாண்டினார், எடை சரியாயிற்று, அந்தப் பந்தயத்தில் தங்கமும் வென்றார். இதை அவரே பிற்பாடு சிரித்துக்கொண்டு சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. 2024 ஆகஸ்டு 7ஆம் தேதி பாரிஸில் வினேஷ் போகாட்டுக்கு நேர்ந்ததைத் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. அவர் விளையாடியது மல்யுத்தமேயானாலும் தராசு ஒன்றுதான். 53 கிலோவில் போட்டியிட்டு வந்தவர் 50க்கு இறங்கினார். முதல் நாள் மூன்று பேரை வென்று இறுதிக்கு வந்தார். இரவு முழுவதும் ஓடியும், உண்ணாமலிருந்தும், தலைமயிரை வெட்டியும் மறுநாள் காலையில் 100 கிராம் அதிகம். வெள்ளிப் பதக்கமும் போயிற்று. விதி விதிதான், 100 கிராமை விட்டால் 200 கிராமையும் விட வேண்டும் என்று சொன்னவர்களின் வாதத்தில் பிழையில்லை. ஆனால், அந்தப் பெண் எதற்காக 50க்கு இறங்க நேர்ந்தது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. 53இல் அவருடைய தேசத்துக்குரிய ஓர் இடம் வேறொரு வீராங்கனைக்குப் போய்விட்டது. அடுத்திருந்த ஒலிம்பிக் வகுப்பு 50.

பெரிய வீராங்கனைகளுக்காவது வைத்தியர் உண்டு, பயிற்சியாளர் உண்டு. சிறிய ஊர்களில் 15 வயதுப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? "இரண்டு கிலோ இறங்கினால் எளிய எதிரி கிடைப்பாள்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால், அவள் இரண்டு நாள் சோற்றைத் தள்ளிவிடுவாள். 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் ரத்தசோகை உள்ளவர்கள். ஏற்கனவே ரத்தம் குறைந்த சரீரத்திலிருந்து தண்ணீரையும் வடித்துவிட்டுக் கோதாவில் ஏற்றுவது விளையாட்டன்று. தலையில் விழும் குத்துக்கு, நீர் வற்றிய சரீரம் ஈடு கொடாது. எடை குறைப்பதைத் தந்திரம் என்று சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் எவராயினும் அவர் கையில் நமது பெண்களை ஒப்புவிக்கக் கூடாது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

ஒலிம்பிக் கமிட்டியின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுவோம். விளையாட்டில் கலந்துகொள்வோரின் மொத்தத் தொகைக்கு அவர்கள் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். ஒரு வகுப்பைக் கூட்டினால் வேறொன்றைக் குறைக்க வேண்டும். அப்படியே படிப்படியாகச் செய்தும் வந்திருக்கிறார்கள். டோக்கியோவில் ஆண்களுக்கு 8, பெண்களுக்கு 5; பாரிஸில் 7க்கு 6; 2028 லாஸ் ஏஞ்சலீஸில் 7க்கு 7 என்று சமமாக்கியிருக்கிறார்கள். 16 வருஷங்களில் மூன்று ஏழாயிற்று. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால், கூட்டியது எங்கே, குறைத்தது எங்கே என்று பாருங்கள். ஆண்களில் குறைத்தபொழுது மிக இலேசான வகுப்பாகிய 49 கிலோ முதலில் போயிற்று. 2018 ஆசிய விளையாட்டில் 49 கிலோவில் தங்கம் வென்ற நமது அமித் பங்கல் 52க்கு ஏற வேண்டி வந்தது. பெண்களில் கூட்டியபொழுது 48க்கு இடம் கிடைக்கவில்லை. லாஸ் ஏஞ்சலீஸில் பெண்களின் மிக இலேசான வகுப்பு 51 கிலோ. 2025 செப்டம்பரில் லிவர்பூலில் நடந்த உலகப் பந்தயத்தில் 48 கிலோ பட்டத்தை வென்றவர், ரோத்தக் பக்கத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகளாகிய மீனாட்சி ஹூடா. மேரி கோம் ஏறிய அதே மேட்டில், 16 வருஷங்களுக்குப் பின், அவரும் ஏறியாக வேண்டும். சமத்துவம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே வந்துவிட்டது. கனத்தவருக்கும் இலேசானவருக்கும் இடையே வரவில்லை. இலேசானவர்கள் பெரும்பாலும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால், அவர்களுக்காக அந்தச் சபைகளில் பேசுகிற குரல் பலமாக இல்லை என்பது தற்செயலன்று. பழைய சர்வதேசச் சங்கத்தின் அங்கீகாரம் 2023இல் ரத்தாகி, 2025இல் புதிய சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. விதிகள் புதிதாக எழுதப்படும் காலம் இது. மூன்று முறை உலகப் பந்தயத்தை டில்லிக்கு அழைத்து, கோடிக்கணக்கில் செலவிட்டு விருந்து வைத்த நமது அதிகாரிகள், 48 கிலோவுக்காக ஒரு தீர்மானம் கொண்டுவந்து பிற ஆசிய தேசங்களின் ஆதரவைத் திரட்டினால் என்ன?

நமது தமிழ்நாட்டுக்கு வருவோம். குத்துச்சண்டை நமக்குப் புதிதன்று. வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குலப்பெயர் போலப் பெயர் சூட்டிக்கொண்டு, வெள்ளைக்காரனிடம் கற்ற வித்தையை அவனுக்கே திருப்பிக் காட்டிய துறைமுகத் தொழிலாளர்களின் சரித்திரம் நமக்கு உண்டு. அந்தப் பரம்பரைகளில் பெண்ணுக்கு இடம் இல்லை, பார்வையாளராகக்கூட அபூர்வம். 2006இல் டில்லியில் தங்கம் வென்ற நால்வரில் மூவர் வடகிழக்கு மலைகளிலிருந்து வந்தவர்கள், ஒருவர் கண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். தமிழ்ப் பெயர் அந்த வரிசையில் இல்லை. உடல்வாகில் மணிப்பூர்ப் பெண்ணுக்கும் நமது பெண்ணுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இல்லை. திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றிவந்துவிட்டு, விடிந்ததும் வேலைக்குப் போகிற பெண்களின் கால் பலத்தைப் பற்றிச் சந்தேகப்படுகிறவர்கள் அவர்களோடு ஒரு முறை நடந்து பார்க்கலாம்.

மாவட்ட விளையாட்டரங்கம் இங்கே இருக்கிறது. ஒரு கோதா அமைக்கவும் சில ஜோடிக் கையுறைகள் வாங்கவும் பெரிய மூலதனம் வேண்டியதில்லை. ஊர்ப் பிரமுகர்கள் ஒரு திருவிழாப் பந்தலுக்குச் செலவிடுவதில் சிறு பகுதி போதும். பெண் பயிற்சியாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது, பெற்றோரின் அச்சத்துக்கு வேறு மருந்து கிடையாது. இவையெல்லாம் கூடியும் மிஞ்சி நிற்கிற கேள்வி சோறு. சர்வதேசப் பந்தயங்களில் 17, 18 வயதுப் பெண்களை இளைஞர் பிரிவில் சேர்க்கிறார்கள். எலும்பு முற்றி, தசை கட்டி, ஒருத்தியின் இயற்கையான எடை எது என்று தெரியவருகிற வயது அது. நமது பள்ளிகளில் சத்துணவு 10ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பத்தாவது வரை மதியம் சோறும் முட்டையும் உண்ட பெண், பதினொன்றாம் வகுப்பில் காலடி வைத்தவுடன் அதே சமையற்கூடத்தின் வாசனையை முகர்ந்துகொண்டு பக்கத்து வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைத்தான் நாளை தராசில் ஏற்றி, 48க்குப் போதாது, 51க்கு ஏறி வா என்று சொல்லப்போகிறோம். மேல்நிலைப் பள்ளிகளின் கடைசி இரண்டு வகுப்புகளுக்கும் சத்துணவை நீட்டிக்கும்படி இந்த ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்கள் வரும் கூட்டத்திலேயே கேட்கலாம். அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, சமைப்பவர் இருக்கிறார், முட்டைக்கு ஒப்பந்தக்காரர் இருக்கிறார். வேண்டியது கூடுதல் பணமும் ஓர் அரசாணையும்.